தர்ம அரவை

12-8-1946, திங்கட்கிழமை, அரியலூர்

இன்று நான் செய்த தவறு: மில் பரிசோதனை அறிக்கையில் ‘கற்கள் திறந்து பார்க்கப்பட்டன, நல்ல நிலையில் உள்ளன’ என்ற வரியைக் கல்லைத் திறந்த பிறகு எழுதினேன். முறைப்படி முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். நான் எழுதி முடிக்கும்வரை கமிட்டி அங்கத்தினர்கள் கையில் பேனாவுடன் நின்றார்கள். கேசரி ஆறிவிட்டது. இனி இப்படி நடக்காது.

தவறை முதலில் எழுது, பிறகு நடந்ததை எழுது, கடைசியில் நாளைய வேலையைக் குறித்து வை என்பது மாலை வகுப்பில் சின்னப்பராஜ் சார் சொன்ன முறை. இப்படி டைரி எழுதுகிறவன் சீக்கிரம் முன்னுக்கு வருவானாம். நான் இன்னும் வரவில்லை. கையெழுத்து சரியில்லாதது காரணமாக இருக்கலாம்.

இனி நடந்தது.

மனித குலத்தின் மிக உயர்ந்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் ரயில் என்பார்கள். சிலர் ரேடியோ என்பார்கள். அரியலூர்க்காரன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான். ‘காலமுறைப் பரிசோதனை’ என்றுதான் சொல்வான். ஒரு பொருளை மூன்று பெரிய மனிதர்கள் சேர்ந்து பார்த்து, ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தப் பொருள் நன்றாக இல்லாமல் இருக்க அதற்கு எப்படித் தைரியம் வரும்?

எங்கள் சின்னதுரை முதலாளியின் மில்லை அப்படிக் காப்பாற்றி வருவது ‘அரியலூர் நகர அரவை இயந்திரப் பரிசோதனைக் கமிட்டி’. அதன் பிரசிடென்ட் ஜவுளிக்கடை பாலசுந்தரம். அங்கத்தினர் மளிகைக்கடை வைரக்கண்ணு. செகரட்டரி எங்கள் முதலாளியேதான். வெளியாளைச் செகரட்டரியாகப் போட்டால் மில்லுக்கு வழி தெரியாமல் அலைவார் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு. அறிக்கை எழுதும் பொறுப்பு மில் கணக்குப் பிள்ளையாகிய என்னுடையது.

மில் என்றால் ஒரு பக்கம் நெல் குத்தும் மிஷின், மறு பக்கம் மாவு அரைக்கும் கல். இரண்டையும் ஓட்டுவது ஒரே ஆயில் இன்ஜின். மாவுக்கல் என்பது வண்டிச் சக்கரம் போன்ற இரண்டு கற்கள். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். நடுவில் தானியம் விழும்.

பிரசிடென்ட் இன்று முதலில் இன்ஜின்மேல் காதை வைத்துக் கேட்டார். இன்ஜின் ஓடவில்லை. “சத்தமே இல்லாம அருமையா இருக்கு” என்றார். பிறகு கல் பக்கம் வந்தார். இன்ஜின் டிரைவர் மிக்கேல் போல்ட்டைக் கழற்றிக் கல்லைத் திறந்து வைத்திருந்தார்.

“எங்கய்யா கல்லு?” என்றார் பிரசிடென்ட்.

“நீங்க கை ஊணி நிக்கிறீங்களே, அதுதாங்க.”

பிரசிடென்ட் தடவிப் பார்த்தார். “அடடா, வழவழன்னு பளிங்கு மாதிரி இல்ல இருக்கு! இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களே!”

“வழவழன்னு ஆயிட்டா மாவு அரையாதுங்க, சூடேறிக் கருகும். நாளைக்கு உளி வெச்சுக் கொத்தணும்” என்றார் மிக்கேல்.

“கொத்துங்க. அதையும் வந்து பார்ப்போம்” என்றார் வைரக்கண்ணு. அவருக்குக் கேசரியில் முந்திரி போதவில்லை. அதை அறிக்கையில் சேர்க்க இடம் இல்லை.

நாளைய வேலை: கல் கொத்துவது. கஞ்சிக் கொட்டகைக்குத் தர்ம அரவை.


14-8-1946, புதன்கிழமை

இன்று நான் செய்த தவறு: புகார் சொல்ல வந்த பச்சையம்மாளை உட்காரச் சொல்லிவிட்டேன். முதலாளி அப்போது நின்றுகொண்டிருந்தார். புகார் உட்கார்ந்துவிட்டால் சீக்கிரம் எழுந்திருக்காது என்று முதலாளி பிறகு விளக்கினார்.

தர்ம அரவை என்றால் என்ன என்பதை எழுதாமல் இது விளங்காது. மில் வாசலில் ஒரு பீப்பாய் இருக்கிறது. அரைக்க வருகிற ஒவ்வொருவரும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி தானியம் அதில் போடுவார்கள். கம்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் கலந்து கிடக்கும். அது ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற கஞ்சிக் கொட்டகைக்கு. ரேஷன் வாங்கவும் வழியில்லாத கிழங்களும் குழந்தைகளும் அங்கே ஒரு வேளை குடிக்கிறார்கள். காய்ச்சி ஊற்றுகிறவர் பச்சையம்மாள். தானியம் ஊருடையது, அரவை முதலாளியுடையது. கூலியே இல்லாமல் அரைத்துக் கொடுக்கிறார்! இதற்காகப் போன மாதம் அவருக்கு மாலை போட்டு, ‘அன்னதாதா’ என்று எழுதிய பலகை ஒன்றும் கொடுத்தார்கள். அது, ‘இந்த மில் மாவில் கல் இல்லை’ என்று கமிட்டி எழுதிக் கொடுத்த பரிசோதனைச் சர்ட்டிபிகேட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இந்தத் தர்மத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. கல்லை உளியால் கொத்தி மூடிய உடனே முதலில் விழுகிற தானியம் எதுவோ அதுதான் கஞ்சிக் கொட்டகைத் தானியம். ஏழைக்குத்தான் முதலிடம். ஊராரும் இந்தக் கொள்கையில் மிக உறுதியாக இருக்கிறார்கள். கல் கொத்திய அன்று கூடையுடன் வருகிற எந்தப் பெண்ணும் வாசலில் நின்று, “கஞ்சிக் கொட்டகை அரவை ஆயிடுச்சா?” என்று கேட்காமல் உள்ளே காலை வைப்பதில்லை. ஆகவில்லை என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். ஏழைக்கு முன்னால் தான் அரைத்துக்கொள்ள இந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. என் அம்மாவுக்கும் வராது.

இப்படிப்பட்ட முதலிடத்தை வேண்டாம் என்று சொல்லத்தான் பச்சையம்மாள் வந்திருந்தார். கையில் ஒரு சொம்பு.

“முதலாளி, இதுல ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

முதலாளி சொம்பைப் பார்த்தார். “நான் இன்னிக்கு விரதம்.”

“புதன்கெழமை என்னாங்க விரதம்?”

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

“அப்ப நானே சொல்லிடறேன். வாயில வெச்சா நறநறங்குது. ஒவ்வொரு தடவை கல்லு கொத்தறப்பவும் எங்க மாவுதான் மொதல்ல வுழுவுது. கொத்துன தூளெல்லாம் எங்க மாவுலதான் வருது. பெருசுங்க துப்பிட்டுப் பசியோட படுத்துக்குதுங்க. புள்ளைங்களுக்குத் துப்பத் தெரியல, முழுங்கிட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடக்குதுங்க. நேத்து ராவு நாலு புள்ளைங்க தூங்கல.”

“பச்சையம்மா, கோயில்ல பரிவட்டம் மொதல்ல யாருக்குன்னு வெட்டுக்குத்து நடக்குது. நான் உங்களுக்கு முதலிடத்தைச் சும்மா குடுக்கறேன். வேணாங்கறியே!”

“அந்தப் பெருமைய வேற யாருக்காச்சும் குடுங்க. எங்களுக்கு ரெண்டாவது எடம் போதும்.”

முதலாளி திகைத்துப்போனார். “நீங்க ரெண்டாவதுன்னா, மொதல்ல யாரு?”

பச்சையம்மாள் சொம்பைத் தரையில் வைத்தார். எனக்கும் தெரியவில்லை. இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மிக்கேல்தான் தலையைத் தூக்கினார்.

“ரெண்டு மரக்கா தவிட்டப் போட்டு ஓட்டிட்டா முடிஞ்சுதுங்க. தூளெல்லாம் அதோட வந்துடும். ஏலாக்குறிச்சியில எங்க மாமன் மில்லுல அப்படித்தான் செய்யுவாங்க.”

“தவிடு என் காளைக்கு வெச்சிருக்கேன். கல்லுத்தூளு கலந்த தவிட்ட மாடு எப்படித் திங்கும்? வாயில்லா ஜீவன்டா மிக்கேல்!” என்றார் முதலாளி. அவர் குரல் தழுதழுத்தது. விலங்குகளிடம் அவ்வளவு அன்பு.

அப்போது எனக்குச் சிறிய சந்தேகம் ஒன்று வந்தது. மாவில் கல் இல்லை என்று சர்ட்டிபிகேட் சொல்கிறது. அந்தக் கல் தவிட்டில் மட்டும் எப்படி வரும்? நான் படித்தது கொஞ்சம், இன்னும் மாலை வகுப்பில் வட்டிக் கணக்கே முடியவில்லை. எனவே சந்தேகத்தை வெளியே சொல்லவில்லை. பச்சையம்மாளின் புகாரைச் சுருக்கமாக எழுதிக் கமிட்டியின் பார்வைக்கு வைத்தேன்.

நாளைய வேலை: கமிட்டிக் கூட்டத்துக்கு நாள் கேட்டு வருவது. முந்திரி வாங்குவது.


17-8-1946, சனிக்கிழமை

இன்று நான் செய்த தவறு: பல் பரிசோதனைக்குத் தனிப் படிவம் தயாரிக்காமல் மில் படிவத்தையே கொண்டுபோனேன். எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

மில் ஆபீசில் கூடிய கமிட்டி, புகாரை மிகவும் கடுமையாக ஆராய்ந்தது. பிரசிடென்ட் எழுந்து பேசினார். அவர் பேச்சு முழுவதையும் எழுத என் வேகம் போதவில்லை. சாரம் இது:

“கல்லுல குறை இருக்கா? இல்ல. நாமே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம். மாவு எங்கேருந்து வருது? குறையில்லாத கல்லுலேருந்து வருது. அப்ப மாவுல குறை இருக்கா? இருக்க முடியாது. அதே மாவுல காய்ச்சின கஞ்சியில இருக்கா? அதுவும் முடியாது. ஆனா நறநறங்குதுன்னு சொல்றாங்க. சத்தம் எங்கே வருது? வாயில வருது. வாயில என்ன இருக்கு?”

“நாக்கு” என்றார் வைரக்கண்ணு.

“பல்லு! பல்லும் ஒரு அரவை இயந்திரந்தான். ரெண்டு வரிசை. ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஆடுது. நம்ம கல்லு மாதிரியேதான். நம்ம கல்லுக்குப் பரிசோதனை உண்டு. அவங்க பல்லை இதுவரைக்கும் எந்தக் கமிட்டியாவது பார்த்திருக்கா?”

எந்தக் கமிட்டியும் பார்க்கவில்லை என்பதை நான் பதிவுசெய்தேன். இப்படி ஒரு கோணம் இருப்பது என் மனத்துக்குத் தோன்றாதது பற்றி வெட்கமாக இருந்தது. படித்தவர்களுக்கும் நமக்கும் இதுதான் வித்தியாசம்.

மதியம் எல்லோரும் கஞ்சிக் கொட்டகைக்குப் போனோம். கீற்றுக் கொட்டகைக்குள் வெளிச்சம் போதாது என்று வைரக்கண்ணு டார்ச் லைட் கொண்டுவந்திருந்தார். பாட்டரி கிடைக்காத காலத்தில் ஏழைகளுக்காக அதை எரித்தார் என்பதை எழுதிவைப்பது என் கடமை. கஞ்சிக்காக உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொன்னோம். கஞ்சிதான் ஊற்றப்போகிறார்கள் என்று பலர் அண்ணாந்தே நின்றார்கள்.

என் கையில் இருந்தது மில் படிவம். ‘தேய்மானம்’, ‘ஆட்டம்’, ‘எண்ணெய் போதுமா’ என்று அதில் கட்டங்கள். ஒன்றையும் காலியாக விடக் கூடாது என்பது விதி. ஆகையால் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

“பாட்டி, எண்ணெய் போதுமா?”

“எண்ணெயா? கண்ணால பாத்தே வருசமாச்சு தம்பி. குடுக்கப் போறாங்களா?”

‘போதாது’ என்று எழுதிக்கொண்டேன்.

சாந்தா என்ற சிறுமியின் வாயில் பிரசிடென்ட் நெடுநேரம் வெளிச்சம் அடித்தார். பிறகு ஒரு விரலால் தொட்டார். சட்டென்று நிமிர்ந்தார். “ஆட்டம் இருக்கு! எழுதிக்கோ! இயந்திரம் ஆடுது!”

“ஏழு வயசுப் புள்ளைக்குப் பல்லு ஆடாம வேற என்னாங்க ஆடும்?” என்றார் பச்சையம்மாள். “விழுந்து மொளைக்கற பல்லு சாமி அது.”

“உதிரிப் பாகமும் கழண்டு விழுது” என்று பிரசிடென்ட் எனக்குச் சொன்னார். எழுதினேன்.

வரிசையின் கடைசியில் அய்யாக்கண்ணு. ரயில்வேயில் சுமை தூக்கி ஓய்ந்தவர். வாயைத் திறக்க மறுத்தார்.

“எதுக்குங்க தெறக்கணும்?”

“கல்லு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தான்யா” என்றார் முதலாளி.

“கல்லு மில்லுல இருக்குதுங்க. அதத் தெறந்து பாக்காம எங்க வாயத் தெறந்து பாக்குறீங்களே.” சொல்லிவிட்டுத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. வைரக்கண்ணு டார்ச்சை நாலு பக்கமும் திருப்பினார். ‘பரிசோதிக்க இயந்திரம் இல்லை’ என்று எழுதினேன்.

பிரசிடென்ட் சிரித்தார். “பல்லே இல்லாத உனக்கு நறநறன்னு எப்படிய்யா தெரியும்? கையும் களவுமா மாட்டிக்கிட்டியா!”

“ஈறு இருக்குதுங்களே, எசமான். அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்கறது பாவம் அதுக்குத் தெரியலீங்க.”

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல் திரும்பி நின்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிரசிடென்ட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகை வாசலிலேயே தீர்மானங்கள் நிறைவேறின. கல் குற்றமற்றது. மாவும் குற்றமற்றது. கஞ்சி என்பது குடிக்கும் பொருள். அதை மெல்லுகிறவர்கள் பொருளின் நோக்கத்துக்கு மாறாக நடக்கிறார்கள், எனவே விளைவுக்கு அவர்களே பொறுப்பு. ஏழைகளின் பற்களை இனி மாதாமாதம் கமிட்டி பார்வையிடும். தவிடு விஷயத்தில் செகரட்டரி காட்டிய ஜீவகாருண்யத்தைக் கமிட்டி மனமாரப் பாராட்டுகிறது. இவற்றை நான் உரக்க வாசித்தேன்.

பச்சையம்மாள் முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. அகப்பையைக் கழுவி வைத்தார்.

“ஆயிடுச்சுங்களா? அப்ப எங்க தானியத்த நாங்க எடுத்துக்கறோம். திருகையில அரைச்சுக்கறோம்.”

“கையி போயிடும் பச்சையம்மா” என்றார் முதலாளி.

“வயிறு போறதுக்குக் கையி போவட்டுங்க.”

எங்களுடன் மில்லுக்கு வந்து பீப்பாயைக் காலி செய்து மூட்டை கட்டினார். மிக்கேல் தானே போய் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கொட்டகைவரை நடந்தார். வேலை நேரத்தில் போனதாக அவர்மேல் குறிப்பு எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினேன். “ரெண்டு நாள் திருகை சுத்தினா தானா ஓடி வருவா” என்றும் சொன்னார். அதை எழுதச் சொல்லவில்லை.

நாளைய வேலை: ஞாயிறு, மில் விடுமுறை. பல் படிவம் ஒன்றுக்குக் கட்டம் போட்டுப் பார்ப்பது.


28-8-1946, புதன்கிழமை

இன்று நான் செய்த தவறு: கல் கொத்தியாகிவிட்டது என்று காலையில் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஊரிலிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

பச்சையம்மாள் ஓடி வரவில்லை. கொட்டகையில் திருகை சுற்றுகிற சத்தம் ரயிலடிவரை கேட்கிறது. பாட்டிகள் மாற்றி மாற்றிச் சுற்றுகிறார்கள், அய்யாக்கண்ணு கதை சொல்கிறார் என்று மிக்கேல் சொன்னார். பிள்ளைகள் இரவில் தூங்குகிறார்களாம். ஆனால் திருகை மாவு அத்தனை பேருக்கும் போதவில்லை. கடைசியில் வருகிறவர்களுக்குத் தண்ணீராகத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது. பிரசிடென்டிடம் சொன்னேன். பல் தேய்மானம் குறைந்திருக்குமே என்றார்.

நேற்று மாலை மிக்கேல் கல்லைக் கொத்தி மூடினார். இன்று காலை இன்ஜினைக் கிளப்பினார். டப் டப் என்று ஊர் முழுக்கக் கேட்டது. வழக்கம்போலக் கூடைகளுடன் கூட்டம் வந்தது.

அரியலூர் மக்களின் நாகரிகத்தைப் பற்றி நான் இதுவரை குறைவாகவே எழுதியிருக்கிறேன். மற்ற நாட்களில் இந்த வாசலில், “நான்தான் மொதல்ல வந்தேன்”, “ஏண்டி, என் கூடைய ஏன் தள்ளுற” என்று தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்கள். இன்று நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

“நீங்க போங்கக்கா.”

“ஐயோ, நீங்க வயசுல பெரியவங்க. உங்களுக்கு முன்னாடி நான் போறதா?”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ கைப்புள்ளக்காரி, நீ போ.”

“புள்ள தூங்குது. தூங்கட்டும்.”

ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு இடம் விட்டு ஒரு அடி பின்னால் போனார்கள். வாசலில் தொடங்கிய வரிசை கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சாரி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. கல் வெறுமே சுற்றக் கூடாது என்று மிக்கேல் பெல்ட்டைத் தள்ளிவிட்டார். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பர்மிட்டில் கிடைக்கிற ஆயில் புகையாகப் போவதைப் பார்த்துப் பார்த்து முதலாளியின் முகம் கறுத்தது.

வரிசையில் என் அம்மாவும் இருந்தாள். என்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள்.

“டேய் வேம்பு, கஞ்சிக் கொட்டகை அரவை ஆச்சாடா?”

“அவங்க இப்ப இங்க அரைக்கறதில்லைம்மா.”

“இதென்னடா அநியாயம்! பின்ன மொதல்ல யாரு அரைப்பா? நான் வூட்டுக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன்.” தலையில் ஈரத் துண்டு இன்னும் காயவில்லை. காலையில்தான் குளித்திருந்தாள்.

வைரக்கண்ணு தன் கடை ஆள் கொண்டுவந்த கோதுமையுடன் மரத்தடியில் நின்றார். பிரசிடென்ட் சார்பில் அவர் மனைவி ஜெகதாம்பாள் கேழ்வரகுடன் வந்திருந்தார். பின்னாலேயே பிரசிடென்டும் வந்தார். முதலாளிக்கு உயிர் வந்தது.

“பிரசிடென்ட் கையால ஆரம்பிச்சு வையுங்க.”

“இப்ப எமகண்டம்.”

எமகண்டம் முடிகிறவரை காத்திருந்தோம். பிறகு கேட்டோம். குளிகை என்றார். குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவருமாம். மில்லுக்கு அது நல்லதுதானே என்றேன். முறைத்தார். குளிகை போனதும் ராகு காலம் வந்தது.

“வைரக்கண்ணு அண்ணே, நீங்களாவது...”

“பிரசிடென்ட் இருக்கும்போது அங்கத்தினர் முந்தறது முறையில்லீங்களே.”

அப்போதுதான் பச்சையம்மாள் வந்தார். தலையில் ஒரு மூட்டை. நேராக மில்லுக்குள் போய், தானியம் கொட்டுகிற பெட்டிக்கு முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, அதற்குப் பின்னால் மூட்டையை இறக்கி உட்கார்ந்தார்.

முதலாளி ஓடினார். “வந்துட்டியா! எனக்குத் தெரியும். தள்ளி முன்னாடி வா. மிக்கேல், பெல்ட்டைப் போடு!”

“நான் இங்கதாங்க. ரெண்டாவது. மொத ஆளு வரட்டும்.”

“யாரு வருவா?”

பச்சையம்மாள் வெளியே மரத்தடியைக் காட்டினார். “இத்தினி பேரு இருக்காங்களே. யாராச்சும் ஒருத்தர் வந்தா போதும். அவங்களுக்கு ஒரு நாள்தான் கல்லு மாவு. எங்களுக்கு அதுதான் எப்பவும்.”

எல்லோரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள். மிக்கேல் வாசலுக்கு வந்து நின்று, சந்தையில் கூவுகிறவர் மாதிரி இரண்டு கையையும் தட்டினார்.

“வாங்கம்மா, வாங்க! நயம் மாவு! ஒரு பொட்டு கல்லு இல்லாத மாவு! நான் சொல்லல, மூணு பெரிய மனுசங்க கையெழுத்துப் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்காங்க. அந்த மூணு பேரும் இங்கயேதான் நிக்கிறாங்க. கேட்டுக்குங்க!”

ஒருவரும் கேட்கவில்லை. ஜெகதாம்பாள் அம்மாள் கணவரைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னேன், நாளைக்கு அரைச்சுக்கலாம்னு” என்றார். பிரசிடென்டுக்கு ஜவுளிக் கடையில் ஏதோ ஞாபகம் வந்தது. கைப்பிள்ளைக்காரிக்குப் பிள்ளை விழித்துக்கொண்டது. ஒவ்வொரு கூடையாக இடுப்பில் ஏறி, மிகுந்த மரியாதையுடன், ஒருவருக்கொருவர் வழி விட்டுக் கலைந்து போயின. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

முதலாளி இன்ஜினை நிறுத்தச் சொன்னார். அப்படி ஒரு அமைதியை அந்த மில்லில் நான் கேட்டதில்லை. மாட்டுக் கொட்டிலில் காளை தவிடு தின்கிற சத்தம்கூடக் கேட்டது.

பச்சையம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். “நாளைக்கும் வரேங்க. ரெண்டாவதா.”

மாலையில் கமிட்டி அவசரமாகக் கூடியது. கேசரி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நடந்ததற்குக் கல்லும் காரணமில்லை, பல்லும் காரணமில்லை என்று முடிவாயிற்று. இந்த ஊரில் தர்மம் வாங்கும் தகுதியுள்ள ஏழைகள் குறைந்துவிட்டார்கள் என்பதே உண்மைக் காரணம். ‘தர்ம அரவையை ஊருக்கு வெளியே விரிவுபடுத்துவது’ என்று தீர்மானித்தார்கள். முதலாளிக்கு இன்னொரு பலகை கிடைக்கலாம்.

அறிக்கையை எழுதி முடித்து, பிழை இருக்கிறதா என்று இருமுறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. ஆனால் வேறு ஒன்று தோன்றியது, சரியா என்று தெரியவில்லை. இந்தச் சர்ட்டிபிகேட்டை இன்று ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கையெழுத்துப் போட்ட மூவரும் நம்பவில்லை. எழுதிய நானும் நம்பவில்லை போலிருக்கிறது, ஏனென்றால் அம்மாவின் கூடையை வாங்கி முதலில் கொட்ட எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் அதை நம்ப வேண்டியிருந்தவர்கள் அந்த மாவைத் தின்றவர்கள் மட்டும்தான்.

இதைக் காலையில் முதலாளியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். காலையில் நேரம் இருக்காது.

நாளைய வேலை: கரி வாயுவில் ஓடுகிற முதல் பஸ்ஸில் தா.பழூர் போய், எங்கள் மில்லைப் பற்றி இன்னும் கேள்விப்படாத ஏழைகள் அங்கே இருக்கிறார்களா என்று விசாரித்து வருவது.